கொட்டகையிலே கண்ணீர்! கூடத்திலே...?

“அண்ணே, எப்பப் பார்த்தாலும் ஆத்துத் தண்ணி, நிதிப் பங்கீடு, பஞ்சாயத்துக் கணக்குன்னே பேசுறீங்களே... உங்களுக்குப் புடிச்ச காதல் படம் எதுண்ணே?”

கூட்டம் முடிந்து ஒலிபெருக்கிக் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்த வேளையிலே, தம்பி ஒருவன் இப்படிக் கேட்டுவிட்டான். இருபது வயது நிரம்பாத இளைஞன். மேடை போட்டவன் அவன். கொடி கட்டியவன் அவன். கூட்டம் கலைந்த பிறகு நாற்காலிகளை அடுக்கியவனும் அவனே. அப்படிப்பட்டவன் கேட்கிற கேள்வியைத் தட்டிக் கழிக்கலாமா? தேநீர்க் கடைப் பலகையிலே அமர்ந்திருந்த மற்றத் தோழர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். “நாளைக்குச் சொல்றேன் தம்பி” என்று கூறிவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

வந்தோமே தவிர, தூக்கம் வரவில்லை. புள்ளிவிவரம் கேட்டிருந்தால் பொழிந்து தள்ளியிருப்போம். சட்டம் கேட்டிருந்தால் பிரிவு எண்ணோடு சொல்லியிருப்போம். காதல் படம் எது என்று கேட்டானே, அதற்குத்தான் நா எழவில்லை. ஏன்? ஒவ்வொரு படத்தோடும் நம் வீட்டார் ஒருவருடைய முகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படத்தைச் சொன்னால் முகத்தைச் சொல்லவேண்டும். முகத்தைச் சொன்னால், நம் முகத்தையும் கண்ணாடியிலே பார்த்தாக வேண்டும்! பார்த்துவிடுவது என்று துணிந்தே இதை எழுதுகிறோம்.

* * *

முதலிலே அம்மாவின் படம்: ‘கல்யாணப் பரிசு’.

1959-லே வெளிவந்தது. ஸ்ரீதர் இயக்கிய முதற் படம். ஜெமினி கணேசன், சரோஜாதேவி, விஜயகுமாரி நடித்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டு, ஏ. எம். ராஜாவின் இசை. நாம் பிறப்பதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு முன்னால் வந்த அந்தப் படத்தை நாம் கண்டது தொலைக்காட்சிப் பெட்டியிலே. தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த காலம். பெட்டி வைத்திருந்த வீட்டின் கூடத்திலே பெண்கள், திண்ணையிலே ஆண்கள், வாசற்படியிலே சிறுவர் பட்டாளம்!

கதையை அறியாதார் இல்லை. தங்கை ஒருவனைக் காதலிக்கிறாள். அது தெரியாமல் அவனையே அக்காளும் விரும்புகிறாள். அக்காளின் வாழ்வுக்காகத் தங்கை வாய்மூடிக்கொள்கிறாள். அக்காளை மணந்தவன் அகத்திலே வேகிறான். ஒருத்தி வாழட்டும் என்று எண்ணியதிலே மூவருடைய வாழ்வும் வெந்து சாம்பலாகிறது.

தங்கவேலு வந்து மன்னார் கம்பெனிப் பொய்களை அவிழ்த்துவிடும்போதெல்லாம் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். முடிவிலே, இறந்துபோன மனைவியின் குழந்தையைக் காதலியின் கையிலே கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டு அவன் நடந்துபோகிறானே, அப்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். வீடு திரும்பும் வழியிலே, “விட்டுக்குடுக்கிறவதான்டா பொம்பள” என்பாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக்கொடுத்தவள் அவள். வேறு எதையெல்லாம் விட்டுக்கொடுத்தாளோ, நாம் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அந்த வயதிலே நாமும் தலையை ஆட்டினோம். இன்று கேட்கத் தோன்றுகிறது: தியாக மாலை ஏன் எப்போதும் பெண்ணின் கழுத்தையே தேடிவந்து விழுகிறது? “அக்கா, அவரை எனக்குப் பிடித்திருக்கிறது” என்று ஒரே ஒரு வாக்கியம்! அதைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு வாயிருந்தால், அந்தக் கதையிலே மூன்று உள்ளங்கள் பிழைத்திருக்குமே! சொல்ல வாயில்லை, சொன்னால் கேட்கச் செவியில்லை. அதற்குப் பெயர் தியாகமா, தோழர்களே?

* * *

அடுத்து அப்பாவின் படம்: ‘காதலிக்க நேரமில்லை’.

1964-ஆம் ஆண்டுப் படம். இதுவும் ஸ்ரீதர் தந்ததுதான். வண்ணத்திலே எடுக்கப்பட்ட வயிறு குலுங்கும் விருந்து! முத்துராமன், ரவிச்சந்திரன், காஞ்சனா, ராஜஸ்ரீ, நாகேஷ், சச்சு. எல்லாருக்கும் மேலே டி. எஸ். பாலையா. பையனாக இருந்தபோது, கீற்றுக் கொட்டகையிலே, தரை டிக்கெட்டு வாங்கி மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாராம் அப்பா. மளிகைக் கடை நடத்தியவர். கடையிலும் சிரிக்கமாட்டார், வீட்டிலும் சிரிக்கமாட்டார். நாகேஷ் கதை சொல்ல, பாலையா நடுநடுங்குகிற அந்தக் கட்டம் வந்துவிட்டாலோ, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பார். அப்பாவுக்கும் பல்லுண்டு என்பதை நாங்கள் அறிந்துகொண்டது பாலையாவின் தயவாலே!

அந்தப் படத்திலே வேடிக்கையின் அடியிலே ஒரு வேல் மறைந்திருக்கிறது. பணக்காரத் தந்தை, வேலையை விட்டு நீக்கிய இளைஞனையே தன் மகள் காதலிக்கிறாள். ஏழை என்றதும் எரிந்து விழுகிறவர், அவனுக்குப் பெரும் பணக்காரத் தகப்பன் ஒருவர் இருக்கிறார் என்றதும் இளகி உருகிக் கைகட்டி நிற்கிறார். அந்தத் தகப்பனோ, ஒட்டுத்தாடி வைத்த நண்பன்! ஆளைப் பார்க்கவில்லை, அறிவைப் பார்க்கவில்லை, அன்பைப் பார்க்கவில்லை; அந்தஸ்தைப் பார்த்தார். அதுவும் ஒட்டிவைத்த அந்தஸ்து! கொட்டகை அதிரச் சிரித்தோம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

அப்பாவும் சிரித்தார். அதே அப்பாதான்...

* * *

சொல்லிவிடுகிறோம். மூன்றாவது படம் அக்காவின் படம்: ‘காதல் கோட்டை’.

1996-லே வந்தது. அகத்தியன் இயக்கியது, சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. உதகையிலே இருக்கும் ஒரு பெண் இரயிலிலே தன் சான்றிதழ்களைத் தொலைக்கிறாள். செய்ப்பூரிலே வேலை பார்க்கும் ஒரு தமிழ் இளைஞன் கையிலே அவை கிடைக்க, அஞ்சலிலே அனுப்பிவைக்கிறான். நன்றி சொல்லி ஒரு கடிதம். அதற்கு ஒரு பதில். பதிலுக்கு ஒரு பதில். முகத்தைக் காணாமலே முளைக்கிறது காதல். அவன் மேனியிலே அவள் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டை. அதைக் கொண்டு இரயில் நிலையத்திலே அவனை அவள் அடையாளம் காண்கிற அந்தக் கடைசி நிமிடம், நாடெங்கும் கொட்டகைகளைக் குலுக்கியது.

எங்கள் ஊரிலே அதைக் கண்டது 1997-லே, மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் இரவு, வாடகைக்கு எடுத்த ‘டெக்’கிலே. தெருவிலே பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம். மூன்றாவது படமாக அதைப் போட்டபோது பாதி ஊர் உறங்கிவிட்டது. நாம் ஒன்பது வயதுச் சிறுவன். அக்காவின் மடியிலே தலை. அவளுக்குப் பதினெட்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் பக்கத்து ஊருக்குத் தட்டெழுத்து வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். இரயில் நிலையக் கட்டம் வந்தபோது நம் கன்னத்திலே ஏதோ சொட்டியது. பனி என்றெண்ணித் துடைத்துக்கொண்டோம்.

பனி அல்ல என்பது நமக்குத்தான் தெரியுமே! நாமல்லவா அஞ்சற்காரர்! தட்டெழுத்து வகுப்பிலே அவளோடு படித்த இளைஞர் ஒருவர், ஊருக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று தமிழ்நாட்டிலே விளக்கவும் வேண்டுமோ? அவர் தருகிற மடித்த தாளை அக்காவிடம் சேர்ப்போம். அக்கா தருவதை அவரிடம் சேர்ப்போம். கூலி, ஒரு நடைக்கு இரண்டு தேன்மிட்டாய்.

ஒரு நாள் ஆவல் தாங்காமல் ஒரு தாளைப் பிரித்துப் படித்துவிட்டோம். தட்டெழுத்துப் பழகிய தாள். மேலே வரிசை வரிசையாகப் பயிற்சி எழுத்துகள். அடியிலே பென்சிலால் சில வரிகள். நிலவு இருக்கும், மலர் இருக்கும், கண்ணே மணியே இருக்கும் என்றெண்ணிய சிறுவனுக்கு ஏமாற்றம்! குரூப் நான்கு தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயா, கடைசி நாள் நெருங்குகிறது, படம் ஒட்ட மறந்துவிடாதே என்று எழுதியிருந்தார், அவ்வளவுதான். இதற்கா இத்தனை ஒளிவு மறைவு என்று சலித்துக்கொண்டோம். காதல் என்பது அதுதான் என்று புரிய நமக்கு இருபது ஆண்டு பிடித்தது.

ஒரு மாலை கடையிலே அப்பா நம் சட்டைப் பையைத் தடவினார். தாள் அகப்பட்டது. “யார் குடுத்தது?” குரல் உயரவில்லை. புளியமிளாறு மட்டும் கையிலே இருந்தது. நாம் வாய் திறக்கவில்லை. கையை நீட்டினோம். அந்தத் தெருவின் பக்கம் ஒரு விரல். வீட்டின் பக்கம் ஒரு விரல். அவ்வளவுதான்.

இருபது நாளிலே அக்காவுக்குத் திருமணம். மாப்பிள்ளை தூரத்து உறவு. அக்கா அழவில்லை, ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. பந்தலிலே குழாய் வழியே காதல் பாட்டாகவே போட்டார்கள்! அந்த இளைஞர் அடுத்த மாதமே ஊரை விட்டுப் போய்விட்டார். தேர்வுக்கு அக்கா அனுப்பிய விண்ணப்பத்துக்கு நுழைவுச் சீட்டு வந்தது. அஞ்சற்காரரிடம் வாங்கியவர் அப்பா. அதன்பின் அதை யாரும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டிலே கத்தி எடுக்கப்படவில்லை, இரத்தம் சிந்தப்படவில்லை. ஒரு பெண்ணின் வாழ்வு ஓசையில்லாமல் இடம் மாற்றி வைக்கப்பட்டது. நாற்காலியை இடம் மாற்றுவதுபோல!

அதற்குப் பின் ‘காதல் கோட்டை’யைத் தொலைக்காட்சியிலே எத்தனையோ முறை போட்டார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். நம்மை ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

* * *

நான்காவது நம் படம்: ‘காதல்’.

2004-லே பாலாஜி சக்திவேல் எடுத்தது. பரத், சந்தியா நடித்தது. மதுரையிலே வண்டி பழுது பார்க்கும் தொழிலாளி. வசதி படைத்த வீட்டுப் பள்ளி மாணவி. ஓடுகிறார்கள், சென்னையிலே மணந்துகொள்கிறார்கள், நயமாகப் பேசி அழைத்து வருகிறார்கள் பெண் வீட்டார். தாலியை அறுக்கிறார்கள், அவனை அடித்து நொறுக்குகிறார்கள். ஆண்டுகள் சில கழித்து, கணவனோடும் குழந்தையோடும் போகிறவள், சாலை நடுவே சித்தம் கலங்கித் திரிகிற அவனைக் காண்கிறாள். நமக்கு அப்போது பதினாறு வயது. நண்பர்கள் ஐந்து பேர் நகரத்துக்குப் போய்ப் பார்த்தோம். ஐந்து பேரும் அழுதோம். வெட்கத்தை விட்டு அழுதோம். நம் கண்ணிலே நின்றவள் கதாநாயகி அல்லள், அக்கா.

திரும்பி வரும் பேருந்திலே, எல்லாரையும்விட மிகுதியாய் அழுதவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: “படம்னா படம்டா! ஆனா நம்ம வீட்டுப் பொண்ணு இப்படிப் போனா வெட்டியே போட்டுருவேன்.”

மற்ற மூவரும் தலையாட்டினர். நாம்? சன்னல் வழியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தோழர்களே! அந்தப் பேருந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கொட்டகையிலே கண்ணீர் விட்டவன் கூடத்திலே கத்தி தேடுகிறான். 2012-லே தருமபுரி மாவட்டத்திலே ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி மூன்று குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். 2016-லே உடுமலைப்பேட்டையிலே, பேருந்து நிலையத்தின் அருகே, பட்டப்பகலிலே, மணந்த குற்றத்துக்காக ஓர் இளைஞனை வெட்டிச் சாய்த்தார்கள். அந்த வீடுகளைக் கொளுத்தியவர்கள் காதல் படம் பார்க்காதவர்களா? அரிவாள் ஏந்திய கை, காதற்பாட்டுக்குத் தாளம் போட்டறியாத கையா?

‘படங்கள்தான் பிள்ளைகளைக் கெடுக்கின்றன’ என்று பேசுகிற பெரியவர்கள் உண்டு. படம் என்ற பொருள் உலகிலே தோன்றாத நாளிலே, ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே, களவு என்றும் உடன்போக்கு என்றும் துறை வகுத்துப் பாடிய இனம் இது. தலைவனோடு போன மகளை எண்ணித் தாய் புலம்பிய பாட்டுகள் சங்கத் தொகைகளிலே நிறைந்து கிடக்கின்றன. அந்த நூல்களைத் தலையிலே வைத்து ஊர்வலம் விடுவோம். அதிலே உள்ளபடி வீட்டுப் பெண் நடந்தால் அவள் தலையை வாங்குவோம் என்றால், இது என்ன தமிழ்ப் பற்று?

படங்கள் பழுதற்றவை என்றும் நாம் வாதாட வரவில்லை. ‘வேண்டாம்’ என்று ஒரு பெண் சொன்ன பிறகும் தெருத் தெருவாய்த் துரத்துவதைக் காதல் என்று கற்பித்த படங்கள் எத்தனை! அவளுடைய ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்திலே, அவளுடைய ‘வேண்டும்’ என்ற சொல்லுக்கு மட்டும் மதிப்பு எங்கிருந்து வரும்? அண்ணாவின் ‘வேலைக்காரி’ 1949-லேயே செல்வர் வீட்டுப் பிள்ளையையும் வீட்டு வேலை செய்த பெண்ணையும் இணைத்துக் காட்டியது. 1981-லே ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்திலே பாரதிராசா பூணூலையும் சிலுவையையும் கழற்றவைத்தார். கைதட்டினோம். தட்டிய கை வீட்டு வாசலிலே வந்ததும் ஏன் தாழ்ப்பாளைத் தேடுகிறது? அதுதான் கேள்வி.

* * *

கேள்வி கேட்பது எளிது. அது நம்மைத் தேடி வந்தபோதுதான் நாம் யார் என்று தெரிந்தது.

அக்கா மகள். கோவையிலே வேலை பார்க்கிறாள். சென்ற ஆண்டு ஒரு நாள் நம்மைத் தேடி வந்தாள். “மாமா, ஒருத்தரைப் புடிச்சிருக்கு. அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்” என்றாள். என்ன வேலை, என்ன குணம், எப்படிப் பழக்கம் என்றா கேட்டோம்? ஐம்பது மேடையிலே சாதி ஒழிப்புப் பேசிய இந்த நாக்கு, அச்சமில்லாமல், வெட்கமில்லாமல், முதலிலே கேட்ட கேள்வி: “என்ன ஆளுங்க?”

அவள் நம்மையே பார்த்தாள். “மாமா, நீங்களுமா?” என்றாள்.

இரண்டே சொல். எதிர்க்கட்சிக்காரர்கள் நம்மை எத்தனையோ ஏசியிருக்கிறார்கள். எதுவும் அப்படி உறைத்ததில்லை. அன்று அப்பாவின் கையிலே இருந்த புளியமிளாறு நம் நாக்கிலே முளைத்திருப்பதைக் கண்டோம்.

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா, “ஊரு என்னடா சொல்லும்?” என்றாள். அப்பா பேசவே இல்லை. ‘கொஞ்ச நாள் போகட்டும், பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம்’ என்று நாமும் இழுத்தோம். தேர்தல் வருகிறது, ஊர் பகையாகிவிடக் கூடாது என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு! அப்போதுதான் அக்கா வந்தாள். இருபத்தேழு ஆண்டு பேசாதிருந்தவள் பேசினாள்:

“தம்பி, அன்னிக்குக் கையக் காட்டுன. இன்னிக்குக் கையெழுத்துப் போடு.”

வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன மீதி இருக்கிறது?

தை மாதத்திலே மாலை மாற்றிக்கொண்டார்கள். அய்யர் இல்லை, அக்கினி இல்லை. 1967-லே அண்ணாவின் ஆட்சி நிறைவேற்றி, 1968 முதல் நடைமுறையிலே உள்ள சட்டத்தின்படி, சுயமரியாதைத் திருமணம். பிறகு பதிவு அலுவலகம். தாய்மாமன் சீர் என்று தட்டு வரிசை தூக்கி வருவது நம் பக்கத்து வழக்கம். நாம் கொண்டுபோனது ஒரு பேனா. சாட்சி என்ற இடத்திலே கையெழுத்திட்டோம். கை கொஞ்சம் நடுங்கியது. அக்கா பக்கத்திலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா வரவில்லை. இரவு வீட்டுக்குப் போனோம். தொலைக்காட்சியிலே ஏதோ பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நெடுநேரம் கழித்து, நம் முகத்தைப் பார்க்காமலே, “பொண்ணு சாப்ட்டாளா?” என்றார். “சாப்ட்டாப்பா” என்றோம். அவ்வளவுதான். போதும், இப்போதைக்கு அது போதும்.

* * *

வயது வந்த இருவர் விரும்பி மணக்கக் குடும்பத்தின் ஒப்புதலோ சமூகத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-லே தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. மதம் மாறி மணப்போருக்கு அல்ல, மதம் மாறாமலே மணப்போருக்கு 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டம் இருக்கிறது. சட்டம் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. வீட்டுக் கதவை யார் திறப்பது? அமைச்சரா வருவார்? அதிகாரியா வருவார்? அண்ணன் திறக்கவேண்டும். மாமன் திறக்கவேண்டும். மேடையிலே முழங்குகிற நாம் திறக்கவேண்டும்.

ஆகவே, தம்பி! உன் கேள்விக்கு விடை இதுதான். அம்மாவின் படமும் பிடிக்கும், அப்பாவின் படமும் பிடிக்கும், நம்மை அழவைத்த படமும் பிடிக்கும். எல்லாவற்றையும்விட ‘காதல் கோட்டை’ பிடிக்கும். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தொலைக்காட்சியிலே போட்டார்கள். அக்கா வீட்டிலே இருந்தோம். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். இரயில் நிலையக் கட்டம் வந்தது. நாம் அடுக்களைப் பக்கம் பார்த்தோம். அக்கா அங்கே இல்லை. கூடத்திலே, மகளுக்குப் பக்கத்திலே, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரைக்கும் எழவே இல்லை.

அடுத்த முறை கொட்டகையிலே உன் கண் கலங்கினால், வெளிவாசலிலே துடைத்துவிட்டு வராதே, தம்பி. அந்த ஈரத்தோடே வீட்டுக்குப் போ. உன் தங்கை ஏதோ சொல்லக் காத்துக்கொண்டிருக்கக்கூடும்.